ஃபேக்சிமிலிக்கு 'நகல்' போதுமா?

ஐயா, வணக்கம்.

'ஃபேக்சிமிலி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'நகல்' போதும் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே ரங்கூனில் பன்சோடான் தெருக் கடையில் அடையாள அட்டையை நீட்டினால் கையில் கிடைப்பது நகல். விவரம் தெரிந்தால் சரி, வேலை முடிந்தது. ஃபேக்சிமிலி அப்படியல்ல. லத்தீனில் 'ஒத்ததாகச் செய்' என்று பொருள். மூலத்தின் எழுத்து வடிவம், வரி முறியும் இடம், சிதைவு எல்லாமே வந்தாக வேண்டும்.

பர்மாவின் பழைய தலைநகரான பாகனில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி, நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி, 13ஆம் நூற்றாண்டு. முதலில் வடமொழிச் சுலோகம் கிரந்த எழுத்தில், அப்புறம் தமிழ். கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் 'எபிகிராபியா இண்டிகா' என்ற கல்வெட்டு இதழின் ஏழாம் தொகுதியில் பதிப்பித்தது. அதைக் கணினியில் தமிழ் எழுத்தில் தட்டி ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். "இதில் கிரந்தம் எங்கே இருக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். நான் கொடுத்தது பெயர்த்தெழுதியது. அவன் பார்க்க வேண்டியது ஃபேக்சிமிலி.

பர்மிய மொழியில் படியெடுப்பதைக் 'கூ' என்பார்கள். ஆற்றைக் கடப்பதற்கும் அதே சொல்தான். நம் 'பெயர்த்தெழுது' என்பதும் இதே எண்ணத்தில் பிறந்தது. எழுத்து இடம் மாறுவதை இரண்டும் சொல்கின்றன, உருவம் மாறாததைச் சொல்லவில்லை.

கல்வெட்டு ஆய்வாளர்களிடம் 'மைப்படி' இருக்கிறது. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும். அந்தப் 'படி'யை நாம் விடக்கூடாது. 'உருப்படி' என்ற சொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் துணி எண்ணும் கணக்கில் அது ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. 'உருவப்படி' என்றாலோ, "உருவப்படி அச்சிட்டார்" என்பதை 'உருவத்தின்படி' என்றே வாசிப்பார்கள். 'அச்சு அசல்' பேச்சில் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஒரு பொருளுக்குப் பெயராக நிற்காது.

அதனால் 'உருநேர்ப்படி' என்கிறேன். உருவில் நேரான படி. சுவடியின் உருநேர்ப்படி, உருநேர்ப்படிப் பதிப்பு என்றெல்லாம் தடையில்லாமல் வருகிறது. சுவடிப் பதிப்பில் இருப்பவர்கள் ஒரு முகப்புத் தாளில் போட்டுப் பார்த்து, கண்ணில் உறுத்துகிறதா என்று சொல்லுங்கள்.