கண் முகாமுக்கு அட்டையா, போனா?

துணுக்காயான்:
அடுத்த மாதம் எங்கள் சனசமூக நிலையத்தில் கண் பார்க்கும் முகாம். சுவரில் அட்டை மாட்டுவதா, போன் செயலியா என்று இழுபறி. என் வாக்கு போனுக்கு. ஸ்நெல்லன் என்ற டச்சுக் கண் வைத்தியர் 1862இல் கொண்டுவந்த எழுத்து வரிசையை இன்றும் மாட்டிவைத்தால், வரிசையில் நிற்கிற பொடியள் முன்னுக்கு நிற்பவன் வாசிப்பதைக் கேட்டே பாடமாக்கிவிடுவார்கள். போனில் ஆளுக்காள் எழுத்து மாறும்.

முத்தையன்கட்டு அக்கா:
தம்பி, ஆறு மீற்றரில் வைத்துப் பார்க்கிற அட்டையில் 6/6 வரி, அதாவது நல்ல பார்வை உள்ளவர் அந்தத் தூரத்தில் வாசிக்கிற வரி, அதன் எழுத்தின் உயரம் ஏறக்குறைய 8.7 மில்லிமீற்றர். அது மாறாது. உங்களிடம் ஆளுக்கொரு அளவில் திரை. செயலி எந்தத் திரைக்குக் கணக்குப் போட்டது? போதாக்குறைக்கு அந்த மண்டபம் மூன்று பக்கமும் திறந்தது. பத்து மணி வெயிலுக்குத் திரையில் எழுத்தா தெரியும், வேப்பமரம்தான் தெரியும்.

துணுக்காயான்:
ஏரிஎம் அட்டையைத் திரையில் வைத்து அளவைச் சரிசெய்கிற செயலிகள் இருக்கின்றன அக்கா. கென்யாவில் பீக் என்ற செயலியை அச்சு அட்டையோடு ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வில் முடிவுகள் நன்றாகவே ஒத்துப்போயின. ஆங்கில ‘ஈ’ எழுத்தை நாலு பக்கமும் திருப்பிக் காட்டும். வாசிக்கத் தெரியாத ஆச்சிமாரும் கையால் திசை காட்டினால் போதும்.

முத்தையன்கட்டு அக்கா:
அந்த ‘ஈ’ அட்டையிலும் இருக்கிறதே! ஒற்றை எழுத்து அட்டையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள், எந்தப் பொடியன் பாடமாக்குகிறான் பார்ப்போம். ஸ்நெல்லன் அட்டையில் குறை இல்லாமல் இல்லை: மேல்வரியில் ஒரே எழுத்து, கீழே போகப்போகக் கூட்டம். அதைத் திருத்தி, வரிக்கு ஐந்து எழுத்தாக பெய்லி, லவி என்ற இரண்டு பார்வை ஆய்வாளர்கள் 1976இல் போட்டார்கள். அதுவும் காகிதம்தானே?

மல்லாவி வாத்தியார்:
இரண்டு பேரும் கையை மறந்துவிட்டீர்கள். என் வகுப்புப் பிள்ளைகள் விரலால் கண்ணைப் பொத்திக்கொண்டு இடுக்கால் பார்ப்பார்கள். உள்ளங்கையால் பொத்தவைக்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். அப்புறம், 6/6 வந்தவரைக் ‘கண் நல்லம்’ என்று அனுப்பிவிடாதீர்கள். பார்வை நரம்பு பழுதாகிற குளுக்கோமா நோயில் பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் போகும். நேரே உள்ள எழுத்து வெகுகாலம் தெரியும். சீனி வருத்தக்காரரை எது என்ன காட்டினாலும் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

துணுக்காயான்:
சரி சேர், பெயர்ப் பட்டியலில் சீனி வருத்தத்துக்கு ஒரு கட்டம் போடுகிறேன். ஆனாலும் அக்கா, அட்டையில் வாசித்ததை யார் எழுதிவைப்பது? போன் தானாகவே பதியும்.

முத்தையன்கட்டு அக்கா:
சார்ஜ் இருக்கும்வரை பதியும். கொப்பியும் பேனையும் நான் கொண்டுவருகிறேன், ஆறு மீற்றர் கயிறும்.