"பில்லி தி கிட் வைத்திருந்ததாம்" என்று ஒரு கோல்ட் ரிவால்வர் வந்தால்

எடுத்தவுடன் கதையைக் கேட்காதீர்கள். முதலில் சுத்தியலை (காக்) பாதி இழுத்து அரைக் காக்கில் நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி ஆறு அறையும் காலியா என்று பாருங்கள். நூறு வருடம் பெட்டியில் கிடந்ததிலும் தோட்டா இருந்திருக்கிறது.

பில்லி தி கிட், ஜெஸ்ஸி ஜேம்ஸ் மாதிரி கொள்ளைக்காரர்கள், அவர்களைத் துரத்திய சட்டக்காவலர்கள் என்று அமெரிக்க மேற்கின் பெரும்புள்ளிகள் பேரில் அதிகம் சுற்றுவது கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ரிவால்வர். 1873ல் வந்தது. 1940 வரை சுமார் 3,57,000 செய்தார்கள். மேசைக்கு வருவதில் பலவும் அசல் துப்பாக்கிதான், ஆள்தான் ஒட்டமாட்டார். ஆகவே கேள்வி இரண்டு. இது அந்தக் காலத்துத் துப்பாக்கியா? அந்த ஆளிடம் இருந்ததா? விற்பவர் முதல் கேள்விக்கு விடையைக் காட்டிவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்.

அவர் நீட்டும் முதல் காகிதம் தொழிற்சாலைக் கடிதமாக இருக்கும். சீரியல் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் கோல்ட் ஆவணக் காப்பகம் பழைய பேரேட்டைப் பார்த்து எழுதித் தரும்: காலிபர் (தோட்டா அளவு), பேரல் நீளம், மேல்பூச்சு நீலமா நிக்கலா, கைப்பிடி என்ன, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பியது, அதே வகை அந்தச் சரக்கில் எத்தனை. "யாருக்கு" என்ற இடத்தில் பெரும்பாலும் நியூயார்க் ஹார்ட்லி அண்ட் கிரஹாம் மாதிரி மொத்த வியாபாரி பெயர்தான். தடம் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கடைக்கு அப்புறம் யார் வாங்கினார்கள் என்று கோல்ட்டுக்குத் தெரியாது.

* * *

கடிதம் பற்றி இன்னொன்று. கடிதம் அசல், துப்பாக்கியும் அசல், இரண்டும் வேறு வேறு என்பதுதான் கெட்டிக்காரப் போலி. நல்ல கடிதம் உள்ள எண்ணை வேறொரு பழைய கோல்ட்டில் அடித்துவிடுவார்கள். அதனால் கடிதத்தை வரிவரியாகக் கையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். கடிதம் 7½ அங்குலம் என்று சொல்லி, கையில் 4¾ இருந்தால் பேரல் மாறியிருக்கிறது அல்லது அறுபட்டிருக்கிறது. அறுத்ததென்றால் மேலே உள்ள கோல்ட் விலாச எழுத்து நடுவில் நிற்காமல் வாய்ப்பக்கம் ஒட்டி நிற்கும். குறிபார்க்கப் பேரல் முனையில் இருக்கும் முன்குறியின் அடியில் புதிதாகப் பற்றவைத்த கோடு தெரியும்.

எண் மூன்று உறுப்பில் இருக்கும்: பிரேமின் அடி, டிரிகர் கார்டு, கைப்பிடியின் பின்பட்டை. ஆரம்பக் காலத்ததில் பேரலிலும் சிலிண்டரிலும்கூட உண்டு. மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். விளக்கை மேலிருந்து காட்டாதீர்கள். டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, பக்கவாட்டில் அடிக்க வேண்டும். பழைய எண்ணைத் தேய்த்து அழித்திருந்தால் அந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். ஒரு எஃகு ஸ்கேலை மேலே வைத்தால் அடியில் ஒளிக்கீற்று தெரியும்.

அடுத்து துருக்குழி. உலோகத்தில் முதலில் எண், பிறகுதான் துரு. அசலில் துருக்குழிகள் எண்ணின் பள்ளத்துக்குள்ளும் இறங்கி, எழுத்தின் ஓரத்தைத் தின்றிருக்கும். பின்னால் அடித்த எண் குழியின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சுற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி இருக்க, எண்ணின் தரை மட்டும் வழவழவென்று இருந்தால் மூடி வைத்துவிடலாம்.

எண்கள் கொஞ்சம் கோணலாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு இலக்கமாகக் கையால் அடித்தவைதான். பார்க்க வேண்டியது இலக்கத்தின் உருவம். பிரேமில் உள்ள 4க்கும் டிரிகர் கார்டில் உள்ள 4க்கும் வால் வேறாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

தேய்மானமும் பேசும். உறையில் போய்வந்ததில் நீலம் போவது பேரல் வாய் ஓரத்திலும் சிலிண்டர் முனையிலும். உள்ளங்கை படுவது பின்பட்டை. பள்ளங்களில் நீலம் மிஞ்சும். வினிகரிலோ உப்பிலோ போட்டுப் பழசாக்கினால் பள்ளம் மேடு பார்க்காமல் ஒரே பழுப்பு. திருகாணித் துளையின் விளிம்பு கிண்ணம் மாதிரி வழிந்திருந்தால் யாரோ பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள்.

* * *

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் லென்ஸ் எடுப்பதற்கு முன்பே பாதி வேலையைக் காலண்டர் முடித்துவிடும்.

பில்லி தி கிட் செத்தது 1881 ஜூலை 14. ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1882 ஏப்ரல் 3. இந்த இரண்டு தேதியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கழுகு பொறித்த கறுப்பு ரப்பர் கைப்பிடி 1882ல் வந்தது. அதற்கு முன் வழக்கமாக வந்தது ஒரே துண்டு வால்நட் மரம். சிலிண்டர் அச்சைப் பிடிக்கும் திருகாணி பிரேமின் முன்னால் சாய்வாக இருந்தால் பழைய கறுப்பு வெடிமருந்துக் காலம். பக்கவாட்டில் அழுத்தும் குறுக்குத் தாழ் என்றால் 1896 வாக்கில் வந்தது. டிரிகர் கார்டில் முக்கோணத்துக்குள் வி.பி. என்ற சோதனை முத்திரை 1900க்குப் பிறகுதான். .44-40 காலிபரில் பேரல் இடப்பக்கம் "கோல்ட் பிரண்டியர் சிக்ஸ் ஷூட்டர்" என்பது 1880களின் இறுதிவரை அமிலத்தால் அரித்த எழுத்து. அதன்பின் உருளை அச்சு. அரித்த எழுத்து ஆழமே இல்லாதது, முதலில் தேய்வதும் அதுதான். நன்றாகத் தெரிகிறது என்று யாராவது பெருமைப்பட்டால், யார் மறுபடி அரித்தது என்று கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கைப்பிடி மாறியதால் மட்டும் துப்பாக்கியைத் தள்ளாதீர்கள். உடைந்தால் மாற்றுவார்கள், சாமான்தானே. "அவர் வைத்திருந்த அதே நிலையில்" என்ற வாக்கியம் மட்டும்தான் விழும்.

சட்டக்காவலர் வயட் எர்ப்பின் பன்ட்லைன் ஸ்பெஷல் என்ற நீளக் கோல்ட் என்று 12 அங்குலப் பேரலோடு வருவதற்கு லென்ஸ்கூட வேண்டாம். அந்தக் கதை பரவியது 1931ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாற்றால். அப்படி ஓர் ஆர்டர் கோல்ட் பேரேட்டில் கிடைக்கவில்லை.

* * *

காகிதப் பக்கம் வருவோம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "எங்கள் தாத்தாவுக்கு ஷெரீப் கொடுத்தார்" என்று 1970ல் எழுதிய நோட்டரி பத்திரம், தாத்தா அப்படிச் சொன்னார் என்பதற்குச் சாட்சி. அவ்வளவுதான். காகிதத்தில் மூன்று கேள்வி கேட்கிறேன். சீரியல் எண் எழுதியிருக்கிறதா? அந்தப் பெயருக்கு விலை ஏறுவதற்கு முன் எழுதியதா? எழுதியவருக்கு அதில் காசு இருந்ததா? எண் இல்லாத பத்திரத்தை எந்தத் துப்பாக்கியோடும் கட்டலாம்.

யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற நல்ல சங்கிலி எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம், பில்லி தி கிட்டைச் சுட்ட ஷெரீப் பாட் காரெட்டின் கோல்ட், எண் 55093. 1880 டிசம்பரில் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பில்லி தி கிட் கும்பலைப் பிடித்தபோது, கும்பலில் இருந்த பில்லி வில்சனிடமிருந்து காரெட் எடுத்தது. அடுத்த ஜூலையில் பில்லி தி கிட்டைச் சுட்டது இந்தத் துப்பாக்கியால்தான். பிறகு எல் பாசோவில் ஒரு சலூனில் காட்சிக்கு இருந்தது. காரெட் இறந்த பிறகு அவர் மனைவி அபோலினாரியா, சலூன்காரரின் சொத்து நிர்வாகத்தோடு வழக்காடி 1934ல் மீட்டார். கோர்ட் வழக்கு எரிச்சல் பிடித்த சமாச்சாரம், ஆனால் சேகரிப்பாளருக்கு அதைவிட நல்ல காகிதம் கிடையாது. எதிர்த்தரப்பு ஒன்று இருந்து, பொய்யென்று நிரூபிக்க முயன்றிருக்கிறது அல்லவா. 2021 ஆகஸ்டில் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இன்னொரு சட்டக்காவலர் பாட் மாஸ்டர்சன், நல்ல காகிதம், பொய்க் கதை என்று இரண்டு பக்கமும் உதாரணம். 1885 ஜூலை 24 அன்று டாட்ஜ் சிட்டி ஆபரா ஹவுஸ் சலூன் கடிதத்தாளில் கோல்ட் கம்பெனிக்கு அவரே எழுதினார்: நிக்கல் முலாம், .45, முன்குறி வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும், பேரல், சுட்ட தோட்டாக் கூட்டை வெளித்தள்ளும் கம்பியின் நீளத்துக்கு. ஆளின் கையெழுத்தும் துப்பாக்கியின் அடையாளமும் ஒரே தாளில். அதே ஆள் பிற்காலத்தில் நியூயார்க்கில் அடகுக்கடைக் கோல்ட் வாங்கி, கைப்பிடியில் கொன்ற ஆளுக்கு ஒன்று என்கிற மாதிரி வெட்டுக்குறி போட்டு, நச்சரித்த ரசிகரிடம் தள்ளினார் என்று சொல்வார்கள். ஆகவே வெட்டுக்குறி எதற்கும் சாட்சியில்லை. வெட்டின் தரையில் மரத்தின் நிறம் வெளிறி இருக்கிறதா, கை எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜெஸ்ஸியின் அம்மாவோ மகன் சமாதிக் கூழாங்கல்லை 25 சென்ட்டுக்கு விற்றவர். வீட்டிலிருந்தே வந்தது என்பதும் அவ்வளவுதான்.

* * *

அமெரிக்காவை விட்டு ஒரு வார்த்தை. திப்பு சுல்தான் துப்பாக்கி என்று வருவதற்கும் இதே இரண்டு கேள்விதான். பூப்ரி எனப்படும் புலிக்கோடும், காக்கில் புலித்தலையும் இருந்தால் உடனே மயங்கிவிடுகிறோம். ஆண்டைப் பாருங்கள். திப்பு கொண்டுவந்த மௌலூதி என்ற ஆண்டுக்கணக்கின் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதினார்கள். 1219 என்பது நம் கண்ணுக்கு 9121 ஆகத் தெரியும். இது தெரியாத பொறிப்பாளர் நேராக எழுதிவிடுவார், அல்லது ஹிஜ்ரி ஆண்டைப் போட்டுவிடுவார். அப்படியே எல்லாம் சரியாக இருந்தாலும் அது ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறையில் செய்தது என்றுதான் ஆகிறது. சுல்தான் தோளில் வைத்துச் சுட்டார் என்று ஆகாது. 1799 மே 4க்குப் பிறகு கொள்ளைப் பொருளைப் பங்கிட்ட காலத்துக் காகிதமோ, வாங்கிய அதிகாரியின் குடும்பத்தில் தொடர்ந்து இருந்த தடமோ கேளுங்கள்.

* * *

பெயர் கிடைக்காமல் போவதும் ஒரு முடிவுதான். 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்ந்தபடி ஒரு வின்செஸ்டர் 1873 ரைபிள் கிடைத்தது. ரைபிளின் மரக்கட்டை வெளிறி, அடி மண்ணில் புதைந்து போயிருந்தது. வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் உள்ள வின்செஸ்டர் பேரேடு 1882ல் செய்து அனுப்பியது என்று சொன்னது. எக்ஸ்ரே எடுத்ததில் கட்டைக்குள் ஒரு தோட்டா இருந்தது, 1887க்கும் 1911க்கும் இடையில் தயாரானது. யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. காட்சிப் பலகையில் யார் பெயரையும் ஒட்டவில்லை.