முகம் காட்டாத ஓநாய்கள்: ஜூவில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செயின்ட் லூயிஸ், மிசௌரியிலிருந்து:

அன்று எங்களுக்குக் காணக் கிடைத்தது ஒரு முதுகும் ஒரு வாலும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓக் மரங்களுக்கு நடுவே சாம்பலும் பழுப்புமாக ஏதோ அசைந்தது. நாங்கள் நின்றதும் அது ஓடி மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. என் எட்டு வயது மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏம்ப்பா ஓடுது? நாம ஒண்ணும் பண்ணலையே?" என்றாள். கூட வந்த வழிகாட்டி அம்மா அவள் முன்னால் குனிந்து, "அது ஓடினால்தான் எங்களுக்குச் சந்தோஷம்" என்றார்.

யுரேகா ஊருக்குப் பக்கத்தில் உள்ள அழிவுநிலை ஓநாய் மையத்தில் நடந்தது இது. இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்து சேமித்து வைத்திருந்த காடு அது. செயின்ட் லூயிஸ் ஜூவின் இயக்குநராக இருந்த மார்லின் பெர்கின்ஸும் அவர் மனைவி கேரலும் 1971இல் மையத்தைத் தொடங்கினார்கள். முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும்.

நாங்கள் பார்த்தது (பார்த்தோம் என்று சொல்லலாமென்றால்) மெக்சிகோ ஓநாய். 1970களில் கிட்டத்தட்ட முடிந்துபோன இனம். 1977க்கும் 1980க்கும் இடையில் ராய் மெக்பிரைட் என்பவர் மெக்சிகோவில் தேடித்தேடி ஐந்தை உயிரோடு பிடித்தார். அதற்கு முன்பு பண்ணைக்காரர்களுக்காக ஓநாய்களைப் பொறிவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவரேதான். அவற்றில் குட்டி போட்டுப் பெருகியவற்றோடு, ஏற்கெனவே அடைப்பில் இருந்த வேறு இரண்டு வம்சங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், இன்று உலகத்தில் இருக்கும் அத்தனை மெக்சிகோ ஓநாய்களுக்கும் மூதாதைகள் மொத்தம் ஏழே ஏழு.

ஏழிலிருந்து ஒரு இனத்தை மீட்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு ஓநாய்க்கும் வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. எதை எதோடு சேர்த்தால் இரத்த உறவு குறைவாக இருக்கும் என்று பார்த்து, ஒரு ஊர் ஜூவிலிருந்து இன்னொரு ஊர் ஜூவுக்கு மாப்பிள்ளையை அனுப்பி வைக்கிறார்கள். செத்துப்போன ஓநாய்களின் வழி அறுந்துவிடக் கூடாது என்று விந்தணுவை உறையவைத்தும் பாதுகாக்கிறார்கள். அப்படி உறையவைத்த விந்தணுவிலிருந்து பிறந்த முதல் மெக்சிகோ ஓநாய்க்குட்டி, 2017 ஏப்ரலில் இதே மையத்தில்தான் பிறந்தது.

என்னை உலுக்கியது குட்டிகளை இடம் மாற்றும் கதை. வளர்ந்த ஓநாயைத் திறந்துவிட்டால் காட்டில் தடுமாறும். கண்கூடத் திறக்காத குட்டி தடுமாறாது. அதனால் பிறந்து 14 நாளுக்குள் சில குட்டிகளை மட்டும் எடுத்து, சின்ன விமானத்தில் அரிசோனாவுக்கோ நியூ மெக்சிகோவுக்கோ கொண்டுபோகிறார்கள். வழியெல்லாம் பால் புகட்ட வேண்டும். அங்கே அதே வாரத்தில் குட்டி போட்ட காட்டு ஓநாயின் குகை தெரிந்திருக்க வேண்டும். தாய் விலகிய நேரத்தில் உள்ளே போய், காட்டுக்குட்டிகளையும் ஜூக்குட்டிகளையும் ஒன்றாகக் கலந்து, குகை மண்ணையே பூசி, எல்லாவற்றுக்கும் ஒரே வாசம் வரவைத்துவிட்டு வந்துவிடுவார்கள். தாய் திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் பால் கொடுக்கிறது.

1998இல் அரிசோனாவில் விட்டது 11 ஓநாய்கள். 2024 முடிவில் அமெரிக்கக் காடுகளில் எண்ணப்பட்டவை 286.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். மனிதரைக் கண்டு பயப்படாத ஓநாய் காட்டில் நிலைக்காது. ஏதாவது ஒரு பண்ணை வாசலில் போய் நிற்கும், தோட்டா வாங்கும். அதனால் இங்கே யாரும் அதைத் தடவுவதில்லை, கொஞ்சுவதில்லை. வண்டியில் அடிபட்ட மானை முழுசாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பயத்தைத்தான் அரைநூற்றாண்டாகக் கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள். என் மகள் அழுதது அதைப் பார்த்துத்தான்.

ராலே, வட கரோலினாவிலிருந்து:

அண்ணா, பாப்பாவிடம் சொல்லுங்கள், எனக்கு வால்கூடத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது.

எங்கள் பக்கம் இருப்பது சிவப்பு ஓநாய். இதன் கதை உங்களுடையதைவிடக் கனமானது. 1973இலிருந்து 1980 வரை லூசியானா, டெக்சாஸ் கடலோரத்தில் நானூறுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கொயோட்டி (ஓநாயைவிடச் சின்னதான காட்டுநாய் இனம்), இல்லாவிட்டால் இரண்டும் கலந்தவை. கடைசியில் இனவிருத்திக்குத் தேறியவை 14. வாஷிங்டன் மாநிலம் டகோமாவில் உள்ள பாயிண்ட் டிஃபையன்ஸ் ஜூதான் அவற்றை வளர்த்துக் காப்பாற்றியது. 1980இல் காட்டில் ஒன்றுகூட இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த ஏழு வருடம் ஒரு இனம் முழுவதும் வேலிக்குள்தான் உயிரோடு இருந்தது. 1987இல் நான்கு ஜோடிகளை எங்கள் மாநிலத்தின் அலிகேட்டர் ரிவர் சரணாலயத்தில் விட்டார்கள். நூறைத் தாண்டிப் பெருகிய காலமும் இருந்தது. பிறகு துப்பாக்கியும் நெடுஞ்சாலையும் சேர்ந்து சரித்துவிட்டன. 2019, 2020, 2021 மூன்று வருடமும் காட்டில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. 2022 ஏப்ரலில் ஆறு குட்டிகள் பிறந்தன என்ற செய்தி வந்த அன்று நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

துணை கிடைக்காத ஓநாய் கொயோட்டியோடு சேர்ந்துவிடும், அதுதான் பெரிய ஆபத்து. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொயோட்டிகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, அதே இடத்தில் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அவை மற்ற கொயோட்டிகளை உள்ளே விடாமல் எல்லையைக் காக்கும், கலப்புக் குட்டியும் பிறக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். உரியவர் வந்ததும் இடம் அவருக்கு.

நாங்கள் சாயங்காலம் 64ஆம் நெடுஞ்சாலை வழியே போனோம். ஓநாய்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் கழுத்துப்பட்டை போட்டிருக்கிறார்கள், கொயோட்டி என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. சரணாலயத்துக்குள் வேலியடைத்த ஓரிடத்திலும் சில ஓநாய்கள் இருக்கின்றன. இருட்டிய பிறகு கூட்டிப்போனவர் வாயைக் குவித்து ஊளையிட்டார். கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும். அப்புறம் ஒரு குரல், அதன்மேல் இன்னொன்று. என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவை வேலிக்குள் இருந்தவைதான். இருக்கட்டும். காட்டில் இருப்பது இன்றும் சில பத்துகள்தான், ஜூக்களிலும் மையங்களிலும் 250க்கு மேல். அந்தக் குரல் இன்னும் இந்த மண்ணில் கேட்கிறதே, அது வேலிக்காரர்களால்தானே!

சிக்காகோவிலிருந்து:

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். மறுக்கவில்லை. ஆனால் வேலிக்குள் பிறந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் வேலிக்குள்ளேயே வாழ்ந்து, அங்கேயே சாகிற அந்தத் தாய் ஓநாய்க்கு இதில் என்ன கிடைக்கிறது? இனம் பிழைக்கிறது, சரி. அது?

செயின்ட் லூயிஸ், மிசௌரியிலிருந்து:

நியாயமான கேள்வி தம்பி. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நல்ல சாப்பாடு, துணை, மரநிழல், நோய்க்கு மருந்து எல்லாம் இருக்கிறது. இரவில் முப்பது மைல் நடக்கப் பிறந்த விலங்குக்கு அது ஈடாகாது. ஏழில் வந்து நின்ற இனத்துக்கு வேறு வழி எதையும் நாம் மிச்சம் வைக்கவில்லை என்பதால் இதை ஏற்றுக்கொள்கிறேன், அவ்வளவுதான். வேலி நிரந்தரம் என்று எந்த ஜூவாவது நினைத்தால் அது தப்பு. குட்டிகள் விமானம் ஏறிக்கொண்டிருக்கும்வரைதான் அந்த வேலிக்கு நியாயம்.

மகள் இப்போதெல்லாம் அழுவதில்லை. போன வாரம் படுக்கப்போகும்போது திடீரென்று கேட்டாள், "பிளேன்ல எடுத்துட்டுப் போன குட்டிய அந்த அம்மா தேடுமாப்பா?"

தேடியிருக்கும்மா என்றேன்.