மாசமா இருக்கும்போது மூச்சு வாங்குவது எப்போது இதயக் கோளாறு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மார்கழிநிலா:
தோழிகளே, வயிற்றுப்பிள்ளைக்காரி மூச்சு வாங்கினால் "குழந்தை மேலே தள்ளுது, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பலருக்கு அது உண்மையும்கூட. எனக்கு வந்தது வேறு. ஆறாம் மாதத்தில் மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணை ஒவ்வொன்றாகக் கூடி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். நடுராத்திரியில் இருமல் எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். சளியும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது.

எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடதுபக்க இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள கதவு, சுருங்கிப்போயிருக்கிறது. சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததே என்று அம்மா அப்போதுதான் சொன்னார். ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டைக்குப் போன உடம்பு, தன் வால்வையே தாக்கிக்கொள்கிற நோய்.

இத்தனை வருஷம் சும்மா இருந்தது இப்போது ஏன் கிளம்பியது என்று டாக்டரிடம் கேட்டேன். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நாடித்துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறுகிறது. பாதி திறந்த மதகு போன்ற வால்வில் ரத்தம் இறங்க நேரம் வேண்டும். இதயம் வேகமாக அடிக்க அடிக்க அந்த நேரம் குறைகிறது. இறங்க முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. என் ராத்திரி இருமலின் ரகசியம் இதுதான்.

இது புரிந்த பிறகு மாத்திரைகள் மேல் இருந்த பயம் போனது. துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால், நுரையீரலில் தேங்கியதை வடிக்க நீர் மாத்திரை, உப்பு குறைவு, இடதுபக்கம் சரிந்து ஓய்வு. அதற்கும் அடங்காததால் பலூன் சிகிச்சை செய்தார்கள். தொடையில் உள்ள சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, வால்வுக்குள் பலூனை விரித்துத் திறப்பது. எக்ஸ்ரே உண்டு என்பதால் வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் போட்டார்கள். கூடுமானவரை முதல் மூன்று மாதத்தில் இதைச் செய்வதில்லை, குழந்தையின் உறுப்புகள் உருவாகிற காலம் அது. பலூன் முடிந்த அன்று ராத்திரியே தட்டையாகப் படுத்துத் தூங்கினேன்!

இதய நோய் என்றாலே சிசேரியன்தான் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். டாக்டர்களோ சுகப்பிரசவத்தையே விரும்பினார்கள். அதில் ரத்த இழப்பு குறைவாம். வலி தெரிந்தால் துடிப்பு ஏறும் என்று எபிடூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) கொடுத்து, நான் முக்கிச் சிரமப்படாதபடி கடைசியில் வேக்குவம் என்கிற உறிஞ்சு கருவி வைத்துக் குழந்தையை எடுத்தார்கள். ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி கர்ப்பத்திலும் நிற்கவில்லை, இப்போதும் தொடர்கிறது.

இரட்டைத்துடிப்பு:
எனக்கு உலோக வால்வு. அமைதியான அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் கேட்கும். என் சிக்கல் ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் மாத்திரையில்தான். வார்ஃபரின் வால்வை நன்றாகக் காக்கும், ஆனால் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். 6 முதல் 12 வாரம் வரை அதனால் குழந்தையின் எலும்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசி குழந்தைக்குப் போகாது, ஆனால் வால்வில் கட்டி உறைகிற ஆபத்து அதில் கூடுதல். எந்தப் பக்கம் போனாலும் ஒரு விலை உண்டு. தினசரி 5 மில்லிகிராமுக்குள் போதுமானவர்களுக்கு வார்ஃபரினையே தொடரலாம் என்கிற டாக்டர்கள் உண்டு. எனக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டதால் முதல் மூன்று மாதம் ஊசி, அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பிறகு மாத்திரை. 36 வாரம் ஆனதும் மறுபடி ஊசி, ஏனென்றால் வார்ஃபரின் இருந்தால் குழந்தையின் ரத்தமும் உறையாது, பிறக்கும்போது அதன் மூளையில் கசியலாம்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்த பயத்தில் வார்ஃபரினை விட்டுவிட்டு, வால்வு அடைத்துக்கொண்டு வந்த ஒருவரைப் பக்கத்துக் கட்டிலில் பார்த்தேன்.

ஒரு கணவன்:
பெண்கள் பேசுகிற இடம், இருந்தாலும் எழுதுகிறேன். என் மனைவிக்குப் பிரசவம் வரை எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக் கால் வீக்கம் வடியவில்லை, மேலும் ஏறியது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை, பால் கொடுக்கிற களைப்பு என்று எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் அளவு 30 சதவீதம். 55க்கு மேல் இருக்க வேண்டியது. பிரசவத்தை ஒட்டி இதயத் தசை தளரும் நோய் என்றார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை வரலாமாம். இன்று அவள் நன்றாக இருக்கிறாள், மாத்திரை தொடர்கிறது. இதயம் தேறினாலும் அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பலாம் என்றார்கள். ஒரு பிள்ளை போதும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

தாதியர்மேசை:
பிரசவ அறையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில், இந்த அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குழந்தை அழுததும் குடும்பமே வெளியே மிட்டாய் கொடுக்கப் போய்விடும். எங்களுக்கு அப்போதுதான் பதற்றம் தொடங்கும். சுருங்குகிற கருப்பையிலிருந்து ரத்தம் மொத்தமாக உடம்புக்குத் திரும்புகிறது. பெரிய சிரையை அழுத்திக்கொண்டிருந்த வயிறும் இறங்கிவிடுகிறது. பலவீனமான இதயத்துக்கு இந்தத் திடீர்ச் சுமையைத் தாங்குவதே பெரிய சோதனை. முதல் 24 முதல் 72 மணி நேரம் மிக முக்கியம். "நல்லாத்தானே இருக்கா, வார்டுக்கு மாத்துங்க" என்று எங்களோடு மல்லுக்கட்டாதீர்கள். ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் மருந்துகளில் எர்கோமெட்ரினை உங்களைப் போன்றவர்களுக்குத் தவிர்ப்போம், ஆக்சிடோசினையும் மெதுவாகத்தான் ஏற்றுவோம். அதனால் நோய் விவரம் எங்கள் கைக்கு முன்கூட்டியே வரவேண்டும். பழைய எக்கோ அறிக்கை, மாத்திரைச் சீட்டு இரண்டையும் பிரசவப் பையில் குழந்தைத் துணிக்கு மேலேயே வையுங்கள். ஈசிஜி சரியாக இருந்தது என்று மட்டும் சொல்லி நிம்மதியாகிவிடாதீர்கள், வால்வுக்கும் தசைக்கும் எக்கோதான் பேசும்.

புதுவரவு:
அக்கா, எனக்குச் சின்ன வயசுல இதயத்துல ஓட்டை இருந்து ஆபரேஷன் பண்ணி அடைச்சிட்டாங்க. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. குழந்தைக்கு முயற்சி பண்ணலாமா? பயமா இருக்கு.

மார்கழிநிலா:
பயப்படாதேம்மா, ஆனால் முயற்சிக்கு முன்னால் இதய டாக்டரைப் பார்த்துவிடு. நன்றாக அடைத்த ஓட்டை, நுரையீரல் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் தைரியமாகப் போகச் சொல்வார்கள். அந்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தால் மட்டும் கர்ப்பமே வேண்டாம் என்பார்கள், தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால். அதை எக்கோவிலேயே முதலில் பார்ப்பார்கள். எனலாப்ரில் மாதிரி ரத்த அழுத்த, இதய மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாய் என்றால் டாக்டரிடம் சொல், கர்ப்பத்தில் ஆகாது, முன்பே மாற்ற வேண்டும். உண்டான பிறகு 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் இதயத்துக்கும் தனியாக எக்கோ எடுக்கச் சொல்வார்கள், பிறவிக் கோளாறு உள்ள தாய்க்கு அது வழக்கம்தான். டாக்டர் சரி சொல்லும் வரை கருத்தடையை விடாதே. கடையில் நீயாகக் கருத்தடை மாத்திரை வாங்காதே, ஈஸ்ட்ரோஜன் கலந்தது சில இதய நோய்களில் ரத்தக்கட்டியை உண்டாக்கும். எது சரிப்படும் என்பதையும் டாக்டரிடமே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்.