தண்ணீர் மிஷின் வாங்க "உங்களுக்கு ஏற்றது எது" பக்கத்தை நம்பலாமா? (தருமபுரி பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்)

பென்னாகரத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். போன தை மாதம் ஒரு ஆன்லைன் கடையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் வாங்கினோம். எதை வாங்குவது என்று தெரியாதவர்களுக்காக அதில் "உங்களுக்கு ஏற்றது எது" என்று ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், பின்கோடு என்ன, போர் தண்ணீரா குழாய்த் தண்ணீரா, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) எவ்வளவு, சுவரில் மாட்டுவதா மேடையில் வைப்பதா, பட்ஜெட் என்ன, ஆறே கேள்வி. பக்கத்து வீட்டு மீட்டரை வாங்கி எங்கள் போர் தண்ணீரைப் பார்த்தோம், 430 காட்டியது. அதைப் போட்டவுடன் "உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லை, யு.வி. போதும்" என்று பச்சை டிக் போட்டு ஒரு மாடலைக் காட்டியது. (ஆர்.ஓ. கரைந்த உப்பையும் வடிகட்டும், யு.வி. ஒளியால் கிருமியை மட்டும் கொல்லும்.) எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னதால் நம்பி வாங்கிவிட்டேன்.

இப்போது பள்ளியில் பல் பரிசோதனை நடந்தது. பெரியவளுக்கு எட்டு வயது, புதிதாக முளைத்த முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு. டாக்டர் பார்த்தவுடன், குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகமானதால் வந்தது என்றார். இது மிஷினால் வந்தது இல்லை, பல் ஈறுக்குள்ளே உருவாகும் வயதிலேயே வந்துவிடுவது என்றும் அவரே சொன்னார். ஆனால் யு.வி. மிஷின் ஃப்ளோரைடை எடுக்கவே எடுக்காதாம். சின்னவனுக்கு மூன்று வயது, அவனை நினைத்துத்தான் இதை வாங்கினேன். இந்த மாதிரிப் பக்கங்களை நம்பலாமா, கூடாதா?

காரிமங்கலம் கடைக்காரர்:
கூடாதும்மா. நான் பதினாறு வருடமாக மோட்டாரும் தண்ணீர் மிஷினும் விற்கிறேன். என் கடைக்கு வந்திருந்தால் முதலில் எந்த ஊர் என்று கேட்டிருப்பேன், அப்புறம் போர் எத்தனை அடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பேன். பின்கோடை வைத்துத் தண்ணீரைச் சொல்வது எப்படி முடியும்? ஒரே பின்கோடில் ஒரு தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, அடுத்த தெருவில் 800 அடி போர். ஒரே காட்டில் கிழக்கு மூலை போரும் மேற்கு மூலை போரும் ஒரே சுவை இருக்காது. இது பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

ஓசூர்வாசி:
பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான்தான் அண்ணா, தினமும் ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய் இதே மாதிரிப் பக்கங்களைத்தான் செய்கிறேன். (அக்கா வாங்கிய கடை எங்களுடையது இல்லை.) உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, காரணம் சொல்கிறேன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாகங்களைப் பொருத்திக் கொடுப்பது, இந்த மோட்டாருக்கு இந்தக் கேபிள், இந்தப் பேனல் என்று. இன்னொன்று ஆலோசனை சொல்வது, அக்கா பார்த்தது அது. முதல் வகை ஏன் வந்தது தெரியுமா? அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் விற்பனையாளர்கள் ஆர்டர் எழுதும்போது தேவையான கேபிளை விட்டுவிடுவார்கள், ஒன்றோடு ஒன்று சேராத பாகங்களை எழுதிவிடுவார்கள். அதைச் சரிசெய்ய எக்ஸ்கான் என்று ஒரு மென்பொருள் எழுதி 1980ல் அவர்களுடைய தொழிற்சாலையில் ஓட்டினார்கள். அந்த ஊர் பெயரும் சேலம்தான், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் இருக்கிறது. போகப் போகச் சுமார் 2,500 விதிகள் வரை சேர்த்தார்கள், 1986க்குள் 80,000 ஆர்டர்களைப் பார்த்துவிட்டது. மனிதர் செய்த தவறுக்குத்தான் மிஷின் வந்தது.

கடைகளைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்து கண்ணாடி டம்ளரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் செங்காவி நிறமாகி, மேலே நுரை கட்டி, அடியில் வண்டல் இறங்கியது. "பாருங்கம்மா, இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்றார். அம்மா பயந்து அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அந்தக் காவி தண்ணீரில் இருந்தது இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. நான் செய்யும் இணையப் பக்கம் யாருக்கும் அப்படி வித்தை காட்டாது.

காரிமங்கலம் கடைக்காரர்:
தம்பி, அந்தக் கம்பியை நான் கையால் தொட்டதில்லை. காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை ஊரில் நாலு பேர் கேட்க முடியும், என்னையும் கேட்பார்கள், சந்தையில் பார்த்தால் கேட்பார்கள். உங்கள் பச்சை டிக்கை இந்த அம்மா எங்கே போய்க் கேட்பார்?

பாலக்கோடு வாத்தியார் (ஓய்வு, வேதியியல்):
இருவரும் பொறுங்கள், விஷயம் அந்த 430ல் இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பு மொத்தம் இவ்வளவு என்று கணக்குச் சொல்லும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர அளவின்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. 430ல் இரண்டோ மூன்றோ ஃப்ளோரைடு என்றால் அந்த மீட்டரில் கண்டுபிடிக்கவே முடியாது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. இன்னொன்று, கால்சியம் குறைந்த தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் தங்கும், ஆகவே சோப்பு நன்றாக நுரைக்கிறது, நல்ல தண்ணீர் என்று நாம் கொண்டாடும் போரிலேயே அது கூடுதலாக இருக்கக்கூடும்.

430 என்றவுடன் அந்தப் பக்கம் ஆர்.ஓ. வேண்டாம் என்றது, 500க்குக் கீழே இருந்தால் தேவையில்லை என்று ஒரு கோடு போட்டிருப்பதால்தான் இருக்கும். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்றும் ஊகிக்கிறேன். ஆர்.ஓ. மிஷின் தண்ணீரை நிறைய வீணாக்குகிறது என்று 2019ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் அதைத் தடை செய்யுமாறு அமைச்சகத்திடம் சொன்னது. நல்ல நோக்கம்தான். அந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்து விதியாக எழுதிவிட்டால் நம் மாவட்டம் அதில் விழுந்துவிடும். நம்முடைய பாறையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு அதிகமாகிப் பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பு என்று இருக்கிறது, ஜப்பான் நிதியில் கட்டி 2013ல் திறந்தார்கள். பின்கோடைக் கேட்கத் தெரிந்த பக்கத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா, ஒன்று முக்கியம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். சமையலுக்கு ஊற்றுவதும் கணக்கில் சேரும்.

ஓசூர்வாசி:
சார் சொன்னதில் 500 விஷயம் உண்மை, எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் இதற்குக் கருவியையே வேண்டாம் என்பீர்களா? ஒரு கேள்வி சேர்த்தால் முடிந்தது. கடைக்காரர் அண்ணா மனதில் இருப்பதை அவர் கடைக்கு வருகிறவர் மட்டும்தான் பெற முடியும், அரூரில் இருப்பவருக்கும் அஞ்செட்டியில் இருப்பவருக்கும் அது கிடைக்காது. விதியாக எழுதிவிட்டால் எல்லோருக்கும் கிடைக்கும்.

பென்னாகரத்துக்காரி:
தம்பி, கேள்வியைச் சேர்த்தால் நான் என்ன பதில் எழுதியிருப்பேன்? அப்போது எனக்கு ஃப்ளோரைடு பற்றித் தெரியாது. அந்தப் பக்கத்தில் "தெரியாது" என்று அமுக்க ஒரு இடம்கூட இல்லை, எதையாவது போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். எனக்குக் கோபம் அது கேட்காமல் விட்டதில் இல்லை, கேட்காமலே "போதும்" என்று சொன்னதில்தான். "உங்கள் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்க்கவில்லை, ஆய்வகத்தில் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் போய்ப் பார்த்திருப்பேன். கடைசியில் வருட சர்வீஸ் ஒப்பந்தத்தை அதுவாகவே கூடையில் சேர்த்திருந்தது. எடுக்கப் போனால் "வேண்டாம், என் குடும்ப நலனில் எனக்கு அக்கறையில்லை" என்று எழுதிய பட்டனைத்தான் அமுக்க வேண்டும். ஒரு தாயிடம் அப்படிக் கேட்கலாமா?

ஓசூர்வாசி:
அக்கா, அந்த இரண்டும் தவறு, சட்டப்படியே தவறு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 ஏமாற்று வழிகளைத் தடை செய்தது, கூடையில் திருட்டுத்தனமாகச் சேர்ப்பதும் குற்ற உணர்வைத் தூண்டி வாங்க வைப்பதும் அதில் இருக்கின்றன. 1915க்கு போன் செய்து புகார் சொல்லுங்கள். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். "தெரியாது" பட்டன் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது இருந்தால் பாதியில் விட்டுப் போய்விடுவார்கள் என்று எங்கள் மேலாளரே எடுக்கச் சொல்லியிருக்கிறார், நானும் எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை இதைப் பேசுகிறேன்.

காரிமங்கலம் கடைக்காரர்:
பேசுங்கள் தம்பி. அந்தத் "தெரியாது" பட்டனைக் கேட்டு வாங்கிவிட்டால் உங்கள் பக்கத்தை நானே என் கடையில் வைத்துப் பார்க்கிறேன். அதுவரை என் பேச்சு மாறாது.

பென்னாகரத்துக்காரி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்த தண்ணீருக்கு முடிவு வந்துவிட்டது, ஃப்ளோரைடு 2.4. மிஷினைத் திருப்பித் தரும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, 1915ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். தெருமுனைக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அதில் நாலு குடம் பிடித்துத் தனியாக மூடி வைக்கிறேன். குடிக்க மட்டும் இல்லை வாத்தியார் ஐயா, உலைக்கும் குழம்புக்கும் அதையேதான் ஊற்றுகிறேன்.