நூறாண்டு கடந்த மண்சுவர் வீடு: நிலநடுக்கத்துக்கு எதிராகச் சிமெண்ட் பூச்சும் கான்கிரீட் பெல்ட்டும் சரியா?

கேள்வி: சித்தூர்க்காரர்

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில், என் கொள்ளுப்பாட்டனார் கட்டிய மண்சுவர் வீடு இன்றும் குடியிருப்போடு நிற்கிறது. சுவரின் கனம் 45 செ.மீ., தரையிலிருந்து சுவர்த்தலை வரை உயரம் 3.3 மீட்டர். உள்ளே மர மச்சு, அதன்மேல் பனங்கைகளில் நாட்டு ஓடு. தென்மேற்கு மூலையில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு இருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏற்பட்ட நடுக்கத்தில் விட்டது அது என்று என் அப்பத்தா சொல்வார்கள். எத்தனை முறை மண் வைத்து அடைத்தாலும் ஒவ்வொரு கோடையிலும் அது மீண்டும் திறக்கிறது.

இப்போது பார்த்த பொறியாளர், மண்பூச்சை முழுவதும் உரித்துவிட்டுக் கம்பிவலை அடித்துச் சிமெண்ட் பூச வேண்டும், சுவர்த்தலையில் கான்கிரீட் பெல்ட் போட வேண்டும், ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போட்டால் இன்னும் நல்லது என்கிறார். சித்தப்பாக்களில் ஒருவர் இடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், நம் பக்கம் எங்கே நடுங்கப் போகிறது, அப்படியே விடு என்கிறார். வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதே என் விருப்பம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: கட்டடப் பொறியாளர், பாலக்காடு

ஐயா, முதலில் உங்கள் இரண்டாவது சித்தப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்திய நிலநடுக்கத் தரநூலின் 2016-ஆம் பதிப்பு வரைபடம் கேரளம் முழுவதையும் மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது. 1994 டிசம்பரில் வடக்காஞ்சேரிப் பக்கமும், 2000 டிசம்பரில் ஈராற்றுப்பேட்டைப் பக்கமும் நிலம் அதிர்ந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் பலியான மகாராஷ்டிரத்து லாத்தூர்ப் பகுதி, அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாய மண்டலத்தில்தான் இருந்தது. அங்கே உயிர்களைக் கொன்றவை, மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்களும் அவற்றின்மேல் ஏற்றிய மண் கூரைகளுமே.

மண்சுவர் பாரத்தை நன்றாகத் தாங்கும். இழுவையை ஏறக்குறைய தாங்கவே தாங்காது. நிலம் அதிரும்போது சுவர் முன்னும் பின்னுமாக ஆட, முதலில் மூலைகளில் செங்குத்தாக வெடிப்பு விடுகிறது; பக்கத்துச் சுவரின் பிடியை இழந்த சுவர் தனியாக நிற்கிறது; அடுத்த ஆட்டத்தில் அது வெளிப்பக்கம் சாய, கூரை உள்ளே விழுகிறது. உங்கள் தென்மேற்கு மூலை அந்த வரிசையில் முதல் படியில் இருக்கிறது. ஆகவே வெடிப்பே விடாத சுவராக மாற்றுவது நம் வேலையல்ல, அது மண்ணில் முடியாது. வெடித்த துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் பிடித்துவைப்பதே வேலை. 1990-களில் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் (Getty Conservation Institute) கலிபோர்னியாவின் பழைய மண்கட்டடங்களுக்காக நடத்திய ஆய்வில், அங்குள்ள ஸ்டான்ஃபோர்டிலும் மாசிடோனியாவின் ஸ்கோப்யேவிலும் மாதிரி வீடுகளை அதிர்வுமேடையில் வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். கனமான சுவர், வெடித்த பின்னும், அடியில் ஊன்றி ஆடிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பியது. அதன் தலை கட்டப்பட்டிருந்தால் விழவில்லை.

உங்கள் சுவரின் உயரம் கனத்தைப்போல் ஏழு மடங்கும் சற்று அதிகமும். மண்கட்டடங்களுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 13827 (1993) எட்டு மடங்கு வரை அனுமதிக்கிறது. இது நல்ல செய்தி. நான் செய்யச் சொல்வது இவை: கான்கிரீட் பெல்ட்டுக்குப் பதிலாக நான்கு சுவர்களின் தலையிலும் மரத்தாலான சுற்றுக்கட்டு ஓடவேண்டும், மூலையில் மரங்கள் ஒன்றையொன்று கவ்வ வேண்டும், பனங்கைகளும் மச்சின் உத்திரங்களும் அதோடு பிணைக்கப்பட வேண்டும். இன்று உங்கள் உத்திரங்கள் சுவரில் வெறுமனே உட்கார்ந்திருக்கும், அதிர்வில் உருவிக்கொண்டு வெளியே வரும்.

தளம் போடுவதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். 10 செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 250 கிலோ. எடை கூடும் அளவுக்கு அதிர்வின் விசையும் கூடும், அந்த விசை வந்து சேர்வது இந்த மண்சுவரில்தான்.

மறுமொழி: மண்வேலைக்காரர், மீனாட்சிபுரம்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மண்சுவர் வேலை செய்கிறது. பொறியாளர் ஐயா சுவரின் தலையைப் பற்றிச் சொன்னார். நான் அதன் காலைப் பற்றிச் சொல்கிறேன். சிமெண்ட் பூசிய மண்சுவர் வெளியே பார்க்க உறுதியாகத் தெரியும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் ஆனி ஆடிச் சாரலில் உள்ளே சேர்ந்து, வெளியேற வழியில்லாமல் அடிச்சுவரைக் கரைக்கும். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் சிமெண்ட் பட்டையைத் தட்டி எடுத்தபோது, பின்னால் இருந்த மண் கையோடு வந்தது. 45 செ.மீ. சுவர் அந்த இடத்தில் 30 செ.மீ.தான் இருந்தது. அப்படிப்பட்ட சுவருக்கு நடுக்கம்கூட வேண்டாம்.

சாலையை உயர்த்தி உயர்த்தி உங்கள் திண்ணையின் மட்டத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். முதலில் சுவரை ஒட்டித் தோண்டிப் பார்த்து, தண்ணீர் விலகிப் போக வாட்டம் செய்யுங்கள். கரைந்த இடத்தை அதே மண்ணில் அறுத்த பச்சைக்கல்லால் (சுடாத மண்கல்) பழைய சுவருக்குள் பல் கோத்துக் கட்டுங்கள். மேலே மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த பூச்சு போதும். சுற்றுக்கட்டு மரத்துக்குக் கரையான் ஏறாதபடி பார்ப்பதும் இதே அளவுக்கு முக்கியம்.

மறுமொழி: ஆய்வு மாணவி

ஒரு சந்தேகம். பெருவில் 1990-களில் மண்வீடுகளின் மூலையிலும் தலையிலும் கம்பிவலைப் பட்டைகள் அடித்துச் சிமெண்ட் பூசினார்கள். 2001-இல் தெற்குப் பெருவில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் அந்த வீடுகள் தாங்கின. அப்படியானால் வீட்டைப் பார்த்த பொறியாளர் சொன்ன வலையை முழுத் தவறு என்று தள்ளிவிடலாமா?

மறுமொழி: கட்டடப் பொறியாளர், பாலக்காடு

நல்ல கேள்வி, அம்மா. வலை தவறில்லை. அந்தப் பட்டைகள் உயிர்களைக் காத்தன. ஆனால் லிமாவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார், அதைவிடக் கடுமையான அதிர்வில் சோதித்தபோது, விறைப்பான சிமெண்ட் பட்டை மண்ணோடு வளையாமல் சுவர் திடீரென நொறுங்கியதைக் கண்டார்கள். அதன்பின் அவர்கள் பாலிமர் வலைக்கும் கயிற்று வலைக்கும் மாறினார்கள். வலை சுவரின் இரு பக்கமும் இருந்து, துளைவழியே கயிறு கோத்து இறுக்கி, மேலே மண்பூச்சு பூசப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்த வலையால் பயனில்லை. சுவரோவியம் இருப்பதால் வலையே கூடாத இடங்களும் உண்டு. பெருவின் குஸ்கோ பகுதியில் குன்யோ தம்போ என்ற ஊரின் பழைய மண் தேவாலயத்தை மரச் சுற்றுக்கட்டு, மூலைக்குள் பதித்த மரப்பூட்டு, தாங்குசுவர் ஆகியவற்றைக் கொண்டே வலுப்படுத்தினார்கள்.

சித்தூர்க்காரர் வீட்டில் அந்த மூலை ஏற்கெனவே பிரிந்திருப்பதால், மரப்பூட்டும் வலையும் அங்கே சேர்ந்தே வேண்டும். அந்த மூலைக்கு அருகில் ஜன்னல் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்: சித்தூர்க்காரர்

அனைவருக்கும் நன்றி. அளந்தேன். தென்மேற்கு மூலையிலிருந்து 70 செ.மீ. தள்ளி ஒரு ஜன்னல் இருக்கிறது. என் தந்தையார் காலத்தில் வெட்டியது. சாலை மட்டம் பற்றிச் சொன்னது அப்படியே உண்மை.

மறுமொழி: கட்டடப் பொறியாளர், பாலக்காடு

ஜன்னல் வெளிமூலையிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்று அதே ஐ.எஸ். 13827 தரநூல் கேட்கிறது. அந்த ஜன்னலைப் பச்சைக்கல்லால், இரு பக்கமும் பல் கோத்து, அடைத்துவிடுங்கள். ஒரு வெளிச்சம் போவது வருத்தம்தான். மாற்றாக ஓட்டில் ஒரு கண்ணாடி ஓடு வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அடிச்சுவரும் வாட்டமும் முடியட்டும்; சுவர் நன்றாகக் காய்ந்த பின், மாசியில் ஓட்டை இறக்கி மரவேலையைத் தொடங்கலாம்.