குரங்கு தொங்காத இணைய ஒயர் வேண்டும், உதவுங்கள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் மதுரைக்காரன். மனைவிக்குச் சொந்த ஊர் திருகோணமலை என்பதால் உவர்மலையில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டிலிருந்தபடி பெர்லின் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன்.

பிரச்சினை குரங்குகள். கம்பத்திலிருந்து மாமரத்தை ஒட்டி வரும் ஃபைபர் ஒயரைப் பிடித்துத்தான் ஒரு கூட்டமே கூரைக்குத் தாவுகிறது. உள்ளே இருப்பது தலைமுடி அளவுக் கண்ணாடி இழை. செம்புக் கம்பி மாதிரி தாங்காது; அதிகம் மடங்கினாலே ஒளி வெளியே கசிந்து, ரூட்டரில் சிவப்பு விளக்கு மின்னும். ஆட்கள் வந்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மறுபடியும் அதே கதை. (கோட்டைக்குள் திரியும் மான்கள் எவ்வளவோ மேல்.)

ஜெர்மனியில் காலை 10 மணிக் கூட்டம் நமக்கு இப்போது பிற்பகல் 1.30, அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 2.30. போன வாரம் நான் பேசும்போதே அறுந்தது. கைப்பேசி டேட்டாவை நம்பி மொட்டைமாடிக்கு ஓடினால் அங்கே அவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள்! மேலாளர் திரையில் பார்த்தது என் முகத்தை அல்ல.

ஒயரை பிவிசி குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் கொண்டுவரத் தெரிந்த எலக்ட்ரீஷியன் யாராவது இருக்கிறாரா? வீட்டுக்கார ஐயா சம்மதித்துவிட்டார், மரத்தை மட்டும் தொடக்கூடாதாம். நியாயம்தான், நல்ல மாங்காய். வடகீழ்ப் பருவமழைக்கு முன் தோண்டி முடிக்க வேண்டும்.

அதுவரை, உவர்மலைக்கும் உப்புவெளிக்கும் இடையில், மதியம் முதல் இரவு 9 வரை உட்கார்ந்து வேலை செய்ய, இணையமும் ஜெனரேட்டரும் உள்ள இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். வாடகை தருகிறேன்.